வீட்டில் நடத்தும் குழந்தைக் காப்பகம்: அங்கத்தினர் அறிய வேண்டிய விதிகள்

கைத்தறி நெசவு வீட்டுத் தொழில். வேளாண்மை குடும்பத் தொழில். இவ்விரண்டிலும் வேலை செய்யும் இடமும் குடியிருக்கும் இடமும் ஒன்றோடொன்று கலந்தே இருக்கின்றன. ஆதலின் உழைக்கும் தாய் தன் குழந்தையைக் கண் முன்னாலேயே வைத்துக்கொள்கிறாள் என்று வெளியார் எண்ணுவது இயல்பு. உண்மை அவ்வாறில்லை. தறியில் அமர்ந்தவளின் கண் பாவின்மீது இருக்கிறது. கை நாடாக் கயிற்றின்மீதும், கால் மிதிகட்டையின்மீதும் இருக்கின்றன. களை எடுப்பவளின் பிள்ளை வரப்பு நிழலில் கிடக்கிறது. பக்கத்தில் இருப்பது வேறு, பார்த்துக்கொண்டிருப்பது வேறு.

இக்குறையைப் பல தெருக்களில் பெண்கள் தாமே தீர்த்துக்கொள்கின்றனர். தறி நெய்வதை விட்டுவிட்ட ஒரு மூத்த பெண்மணி தம் வீட்டுத் திண்ணையில் அண்டை வீட்டுக் குழந்தைகள் நால்வரைப் பார்த்துக்கொள்கிறார். தாய்மார்கள் மாதந்தோறும் ஏதோ ஒரு தொகை தருகின்றனர். இது நல்ல ஏற்பாடு. ஆனால் கூலி பெற்றுக்கொண்டு பிறர் குழந்தைகளைக் காக்கத் தொடங்கும் நாளிலேயே அவ்வீடு வெறும் வீடாக இராமல் ஒரு ஸ்தாபனம் ஆகிவிடுகிறது. ஸ்தாபனத்திற்கு விதி வேண்டும். அண்டை வீட்டாரின் நல்லெண்ணம் விதிக்கு ஈடாகாது என்பதே இப்பாடத்தின் கருத்து.

1. சட்டம் எதுவரை வருகிறது?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 50க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்கவேண்டும் என்று விதித்தது. 1976இல் வந்த திருத்தம் இந்த எண்ணை 30 ஆகக் குறைத்தது. 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஆண் பெண் என்ற வேறுபாடின்றி 50 பேர் பணிபுரியும் நிறுவனத்திற்குக் காப்பகம் கடமையாயிற்று. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்த்துவரும் உரிமையும் கிடைத்தது. பழைய தொழிலாளர் சட்டங்களுக்கு மாற்றாக 2020இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பரில் அமலுக்கு வந்தன. அவற்றிலும் 50 என்பதே அளவாக உள்ளது.

இவையெல்லாம் முதலாளியின்மீது சுமத்தப்பட்ட கடமைகள். தன் வீட்டுத் தறியில் நெய்பவளுக்கும், தன் காணியில் உழைப்பவளுக்கும் இவற்றால் ஒரு காப்பகமும் வந்துசேராது. சட்டம் ஆலையின் வாயிலில் நின்றுவிடுகிறது, தறிக்குழிவரை வருவதில்லை.

ஆயினும் வீட்டில் காப்பகம் நடத்துபவர் மூன்று இடங்களில் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறார். முதலாவது, இரவில் தங்கவைத்தல். பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் குழந்தைகள் தங்கும் இடங்களுக்கு உரிமமும் பதிவும் வேண்டுமென்கின்றன. ஆகவே பகற்காப்பகம் பகலோடு முடியவேண்டும். இரண்டாவது, பள்ளி என்று பெயர் வைத்துப் பாடம் நடத்துதல். தமிழ்நாட்டில் மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்கென 2015இல் தனி விதித்தொகுப்பு வந்தது. பெயர்ப்பலகை மாட்டிப் பாடம் கற்பிக்க விரும்புவோர் முதலில் கல்வித்துறை அலுவலகத்தை அணுகவேண்டும். மூன்றாவது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம். இத்தகைய குற்றம் நடந்ததாக அறிந்த எவரும் அதைப் போலீசாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். குடும்ப மானம் கருதி மறைப்பது தண்டனைக்குரியது.

2. பிற இடங்களின் அநுபவம்

வீட்டுக் காப்பகத்திற்கு விதி வகுப்பதில் நெடுநாள் அநுபவம் உடைய நாடு இங்கிலாந்து. 1948இலேயே இதற்கென அங்கே ஒரு சட்டம் பிறந்தது. இப்போதுள்ள விதிப்படி, தம் வீட்டில் குழந்தைகளைக் காப்பவர் பதிவு செய்துகொள்ளவேண்டும். எட்டு வயதுக்குட்பட்டோர் ஆறு பேருக்குமேல் ஒருவர் பொறுப்பில் இருத்தல் கூடாது. அவர்களுள் ஏறக்குறைய ஐந்து வயதுக்குட்பட்ட சிறார் மூவர். ஒரு வயது நிரம்பாதது ஒன்றே. காப்பவரின் சொந்தக் குழந்தைகளும் இக்கணக்கில் சேர்வர். அவ்வீட்டில் வசிக்கும் 16 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரைப் பற்றியும் குற்றப் பதிவு உண்டா என்று விசாரிக்கப்படுகிறது. குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சியைக் காப்பவர் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும்.

செல்வ நாட்டு விதி நமக்கு ஏன் என்று கேட்போர் வங்காள தேசத்தைப் பார்க்கலாம். அங்கே குளமும் வாய்க்காலும் மலிந்த கிராமங்களில், தாய்மார் வேலையில் ஈடுபட்டிருக்கும் காலை வேளையில்தான் சிறு குழந்தைகள் மிகுதியாக நீரில் மூழ்கி இறந்தன. இதைத் தடுக்கக் கிராமப் பெண்ணொருத்தியின் வீட்டிலேயே காலை 9 மணி முதல் பகல் 1 மணிவரை, வாரத்தில் ஆறு நாள், சுமார் 25 குழந்தைகளை ஒரு காப்பாளரும் ஓர் உதவியாளரும் பார்த்துக்கொள்ளும் காப்பகங்கள் அமைக்கப்பட்டன. இவற்றிற்கு ‘ஆஞ்சல்’ என்று பெயர். வங்காள மொழியில் அச்சொல் சேலையின் முந்தானையைக் குறிக்கும். 2012இல் வெளியான ஆய்வின்படி, இக்காப்பகங்களுக்கு வந்த குழந்தைகளிடையே நீரில் மூழ்கி இறப்பது ஐந்தில் நான்கு பங்கு அளவுக்குக் குறைந்தது. அந்நாட்டு அரசாங்கம் 2022இல் இத்தகைய 8,000 காப்பகங்களுக்கான திட்டத்தை ஏற்றது. குறிப்பிட்ட நேரத்தில் ஓர் ஆள் வேறு வேலையின்றிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே இவ்வளவு உயிர்களைக் காத்தது.

நம் நாட்டில், ஆமதாபாத்தில் சுயதொழில் புரியும் பெண்களின் சங்கமான ‘சேவா’வின் வழிவந்த ‘சங்கினி’ என்னும் குழந்தைப் பராமரிப்புக் கூட்டுறவுச் சங்கம் 1986இல் பதிவாயிற்று. உழைக்கும் பெண்களின் வேலை நேரத்தை ஒட்டியே அதன் காப்பகங்கள் நடைபெறுகின்றன. குழந்தைக் காப்பும் கூட்டுறவின் காரியமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

3. எத்தனை குழந்தைகள்?

முதல் விதி எண்ணிக்கையைப் பற்றியது. ஏனைய விதிகள் அனைத்தும் இதைச் சார்ந்தவை. மத்திய அரசாங்கம் 2018இல் வெளியிட்ட காப்பக வழிகாட்டி நெறிகள், மூன்று வயதுக்குட்பட்டோர் 10 பேருக்கு ஒரு பணியாளர், அதற்கு மேற்பட்டோர் 20 பேருக்கு ஒருவர் என்றும், குழந்தை ஒன்றுக்கு 10 முதல் 12 சதுர அடி இடம் என்றும் கூறுகின்றன. இவை உதவியாளரும் சமையற்காரரும் உள்ள நிலையங்களை எண்ணி எழுதப்பட்டவை. தனியொரு பெண் தன் வீட்டில் நடத்தும் காப்பகத்திற்கு இவ்வளவு பெரிய எண் பொருந்தாது.

நாம் கூறும் யோசனை இது: காப்பாளர் ஒருவரானால் ஆறு வயதுக்குட்பட்டோர் மொத்தம் 6 பேர், அவர்களுள் மூன்று வயது நிரம்பாதோர் 3 பேருக்கு மேற்படலாகாது, ஒரு வயது நிரம்பாதது ஒன்றே. காப்பாளரின் சொந்தப் பிள்ளையும் பேரப்பிள்ளையும் இக்கணக்கில் சேரும். இது இங்கிலாந்து விதியைவிடச் சற்று நெகிழ்ந்தது, இதற்குமேல் நெகிழ்த்தலாகாது. காரணம் எளியது. அடுப்பங்கரையில் தீப்பற்றினால் ஒரு பெண் இரு இடுப்பிலும் இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொள்ளலாம்; நடக்கத் தெரிந்த மூன்று நான்கு பேரைச் சொல்லி வெளியே ஓட்டலாம். பத்துப் பேரை அவ்விதம் செய்தல் இயலாது.

இடத்தையும் அளக்கவேண்டும். 15 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள கூடம் 180 சதுர அடி. தறியும் அதைச் சுற்றிய நடைபாதையும் 60 சதுர அடியை அடைத்துக்கொண்டால் எஞ்சுவது 120. குழந்தைக்கு 12 சதுர அடி வீதம் பத்துப் பேருக்கு இடம் உண்டு. ஆயினும் காப்பாளர் ஒருவரே. எனவே 6 பேர்தான். மாறாக, எஞ்சிய இடம் 48 சதுர அடியே எனில், ஆள் இருந்தும் நான்கு பேருக்குமேல் சேர்த்தலாகாது. இடம் சொல்லும் எண், ஆள் சொல்லும் எண், இவற்றுள் சிறியது எதுவோ அதுவே விதி.

4. காப்பாளர் யார்?

காப்பாளர் உடல் நலமும் பொறுமையும் உடைய, வயது வந்த பெண்மணியாக இருத்தல் வேண்டும். படிப்பு மிகுதியாக வேண்டுவதில்லை; வரவுப் பதிவேட்டை எழுதவும் மருந்துச் சீட்டைப் படிக்கவும் தெரிந்தால் போதும். காசநோய் முதலிய தொற்று இல்லை என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சான்று பெறவேண்டும். முதலுதவிப் பயிற்சி அவசியம். தொண்டையில் புளியங்கொட்டையோ நிலக்கடலையோ சிக்கிய குழந்தையை என்ன செய்வது என்பதைப் படித்து அறிதல் போதாது, செய்து பழகவேண்டும். அவ்வீட்டில் வசிக்கும் ஏனைய பெரியவர்களைப் பற்றியும் நிர்வாகக் குழு விசாரித்து அறிதல் வேண்டும். காப்பாளர் நல்லவராயிருந்து, வீட்டிலுள்ள மற்றொருவர் குடித்துவிட்டு வருபவராயின், அவ்வீடு காப்பகத்திற்கு ஏற்றதன்று.

காப்பு நேரத்தில் காப்பாளர் வேறு வேலை செய்தலாகாது. தார் சுற்றிக்கொண்டே பார்த்துக்கொள்கிறேன் என்பது காப்பு அன்று. அவ்வாறு செய்வதாயின் தாயே தன் தறியருகில் வைத்துக்கொள்ளலாமே!

இங்கே ஒன்றை அழுத்திக் கூறவேண்டும். காப்பகம் இல்லாத வீடுகளில் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுவது பெரும்பாலும் அக்காள்தான். 6 முதல் 14 வயதுவரை கல்வி பெறுவது குழந்தையின் உரிமை என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. காப்பகம் ஏற்பட்ட பின்னும் ‘உதவிக்கு’ என்று பத்து வயதுச் சிறுமியை அங்கே நிறுத்துவோமாயின், ஒரு குழந்தையைக் காக்க மற்றொரு குழந்தையைப் பலியிட்டவர் ஆவோம். உதவியாளரும் வயது வந்தவராகவே இருத்தல் வேண்டும்.

5. வீட்டின் அமைப்பு

காப்பகத்திற்கு வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, குழந்தையின் உயரத்திற்குக் குனிந்து வீடு முழுவதையும் பார்க்கவேண்டும். கவனிக்க வேண்டியவை:

(அ) தறிக்குழியும் தறியும் குழந்தைகள் இருக்கும் பகுதியிலிருந்து கதவாலோ உறுதியான தட்டியாலோ பிரிக்கப்படவேண்டும். தறி ஓடாத நேரத்தில் குழியைப் பலகையால் மூடவேண்டும்.

(ஆ) காஸ்டிக் சோடா, ஹைட்ரோஸ், சலவைத்தூள், சாயப்பொடி ஆகியவற்றையும், விவசாயி வீட்டில் பூச்சிமருந்து, களைக்கொல்லி ஆகியவற்றையும் பூட்டிய பெட்டியில் வைக்கவேண்டும். உயரத்தில் வைத்தால் போதும் என்பது தவறு; மூன்று வயதுப் பிள்ளை முக்காலியில் ஏறும். குடிபானப் பாட்டிலில் இவற்றை ஊற்றி வைத்தல் எவ்விதத்திலும் கூடாது. பட்டு வளர்ப்போர் வீட்டில் கூடு வேகவைக்கும் கொதிநீர் இருக்கும் அறைக்குள் குழந்தை நுழைய வழி இருத்தலாகாது.

(இ) கிணற்றுக்குச் சுவரும் மூடியும், தொட்டிக்கு மூடியும் வேண்டும். பயன்படுத்திய வாளியைக் கவிழ்த்து வைக்கவேண்டும். தவழும் குழந்தை மூழ்கச் சில அங்குலத் தண்ணீர் போதுமானது.

(ஈ) சேலைத் தொட்டில் நம் வீடுகளின் பழமையான சாதனம். அதைச் சிறு குழந்தைக்கு மட்டும், காப்பாளரின் பார்வையில் கட்டவேண்டும். தூங்காத நேரத்தில் அவிழ்த்து மேலே முடிந்துவிடவேண்டும். சற்றே பெரிய பிள்ளைகள் அதில் முறுக்கி ஆடிக் கழுத்து இறுகி இறந்ததுண்டு. கைக்குழந்தையை மல்லாத்தியே தூங்கவைத்தல் வேண்டும்.

(உ) அடுப்புப் பக்கம் தடுப்பு, மின்கசிவைத் துண்டிக்கும் கருவி, காற்றோட்டம், கழிவிடம், சோப்பு, குடிநீர் ஆகியவையும், வெளியேற இரண்டு வழிகளும் இருத்தல் நலம்.

6. உணவும் நோயும்

ஆறு மாதம்வரை குழந்தைக்குத் தாய்ப்பாலே உணவு. ஆதலின் ஆறு மாதம் நிரம்பாத குழந்தையைக் காப்பகத்தில் சேர்த்தலாகாது. ஆறு மாதம் கடந்த குழந்தைக்கும் தாய் இடையிடையே வந்து பாலூட்டத் தடையிருத்தல் கூடாது. தெருக்கோடி வீட்டுக் காப்பகத்தின் பெரிய சௌகரியமே இதுதான். அங்கன்வாடிக்குச் செல்லும் வயதுப் பிள்ளைகளை அங்கிருந்து பிரித்துக் கொண்டுவரலாகாது; அது முடிந்தபின் தாய் வேலை விட்டு வரும்வரை காப்பது நம் காப்பகத்தின் பணி.

சேர்க்கும்போதே தடுப்பூசி அட்டையைப் பார்த்து, விடுபட்டவற்றைக் கிராமச் செவிலியரைக் கொண்டு போடச்செய்யவேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அம்மை கண்ட குழந்தையை அன்று சேர்த்துக்கொள்ளலாகாது. தாய் எழுதித் தராத மருந்து எதையும் கொடுத்தல் கூடாது. கஷாயமும் இதில் அடங்கும். வயிற்றுப்போக்கிற்குரிய உப்புச் சர்க்கரைப் பொட்டலமும், 108 என்னும் ஆம்புலன்ஸ் எண்ணும், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும் சுவரில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கவேண்டும்.

குழந்தையை அடித்தல், சூடு போடுவதாக அச்சுறுத்தல், இருட்டறையில் அடைத்தல், உணவை மறுத்தல் ஆகிய நான்கும் அறவே விலக்கப்பட்டவை. இதைப் பெற்றோர் முன்னிலையில் காப்பாளரிடம் கூறிக் கையொப்பம் பெறவேண்டும்.

7. ஒப்படைத்தலும் ஏடுகளும்

குழந்தையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே தாய் மூன்று பெயர்களுக்குள் எழுதித் தரவேண்டும். அப்பட்டியலில் இல்லாதவர் தாய்மாமனே ஆயினும் ஒப்படைக்கக்கூடாது. பட்டியலில் உள்ள தந்தையே நிலை தடுமாறி வந்து நின்றாலும், தாயை அழைத்துவரச் செய்தே அனுப்பவேண்டும். இவ்விதி எழுத்தில் இல்லாவிடில், அண்டை வீட்டு மனிதரிடம் ‘தரமாட்டேன்’ என்று சொல்லக் காப்பாளருக்கு நா எழாது. எழுதிய விதி இருந்தால், ‘சங்கத்தின் விதி, அண்ணா, நான் என்ன செய்ய?’ என்று அவர் சொல்லிவிடலாம். விதி காப்பாளருக்கும் பாதுகாப்பே.

ஏடுகள் நான்கு போதும்: சேர்க்கைப் பதிவேடு, வந்த நேரமும் சென்ற நேரமும் குறிக்கும் வரவுப் பதிவேடு, சிறு கீறலையும் விடாமல் எழுதும் விபத்துப் பதிவேடு, பார்வையிட வருவோர் எழுதும் குறிப்பேடு. விபத்தை மறைப்பவரைக் காட்டிலும் எழுதி வைப்பவரே நம்பத்தக்கவர் என்பதைத் தாய்மார்களும் உணரவேண்டும்.

8. கணக்கு

ஓர் உதாரணக் கணக்கைக் காண்போம். தொகைகளை அந்தந்த ஊர் நிலைக்கேற்ப மாற்றிக்கொள்க. காப்பாளர் சம்பளம் மாதம் 10,000 ரூபாய், 6 குழந்தைகளுக்கு 26 நாள், நாளொன்றுக்கு 15 ரூபாய் வீதம் சிற்றுணவு 2,340, சோப்பு முதலியன 660, ஆக 13,000. குழந்தை ஒன்றுக்கு 1,200 வீதம் தாய்மார் செலுத்துவது 7,200. பற்றாக்குறை 5,800.

இங்கேதான் சோதனை வருகிறது. இன்னும் நான்கு குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டால் வரவு 12,000 ஆகும். சிற்றுணவுச் செலவு 3,900 ஆக உயர்ந்தும் பற்றாக்குறை 2,560 ஆகச் சுருங்கிவிடும். கணக்கு அழகாயிருக்கும், காப்பு கெட்டுவிடும். வேறிடத்தில் ஏற்பட்ட துண்டைக் குழந்தைகளின் எண்ணிக்கையைக் கூட்டி அடைக்கும் சங்கம், ஒரு நாள் விபத்துப் பதிவேட்டில் அதற்குரிய விலையைச் செலுத்த நேரும். காப்பாளர் சம்பளத்தைக் குறைப்பதும் வழியன்று. குறைந்த சம்பளம் பெறுபவர் மீண்டும் தார் சுற்றத் தொடங்குவார்.

பற்றாக்குறையைச் சங்கம் ஏற்கவேண்டும். தாய் தடையின்றி நெய்வதால் சங்கத்திற்கு உரிய நாளில் சரக்கு வருகிறது. அவ்வாதாயத்தில் ஒரு பங்கு குழந்தைக்கு உரியதே. தாயின் எழுத்து மூலச் சம்மதத்தின்பேரில் கட்டணத்தைக் கூலியில் பிடித்துக்கொள்ளலாம். ஏற்கச் சக்தியில்லாத சங்கம் நான்கு மணி நேரக் காப்பகமாகத் தொடங்கலாம்; எண்ணிக்கையை மட்டும் தொடலாகாது.

9. சங்கம் செய்யவேண்டியது

சங்கத்தின் துணைவிதிகளில் அங்கத்தினர் நலப் பணிகளுக்கு இடமுண்டா என்பதை முதலில் பார்க்கவேண்டும். இல்லையெனில் 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி பொதுப் பேரவையில் திருத்தம் நிறைவேற்றிப் பதிவு பெறவேண்டும். பின்னர் காப்பக விதிகளை எழுதி அதே பேரவையில் படித்து ஏற்கச் செய்தல் நன்று. தாய்மார் இருவரும் குழந்தை இல்லாத அங்கத்தினர் ஒருவரும் கொண்ட மேற்பார்வைக் குழு, மாதம் ஒருமுறை முன்னறிவிப்பின்றிச் சென்று தலைகளை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். காப்பாளரும் அக்குழுவின் கூட்டத்தில் அமர்ந்து தம் குறைகளைக் கூற உரிமை பெறவேண்டும்.

சங்கத்தின் இருப்புச் சரக்கில் ஒரு சேலை குறைந்தால் நாம் மூன்று ஏடுகளைப் புரட்டிப் பார்க்கிறோம். தெருவின் குழந்தைகளுக்கு ஒரேடு கூட இல்லாத ஊர்கள் பல உள்ளன. அடுத்த பேரவையில் இப்பொருளையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. உங்கள் தெருவில் தாய் வேலையிலிருக்கும்போது ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் யார்? அவர்களுள் பள்ளி செல்லவேண்டிய வயதினர் எத்தனை பேர்?

2. உங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, இடம் சொல்லும் எண்ணையும் ஆள் சொல்லும் எண்ணையும் கணக்கிடுக.

3. பற்றாக்குறையைச் சங்கம், தாய்மார், ஊராட்சி ஆகியோர் எவ்வாறு பகிர்ந்துகொள்ளலாம்?

4. காப்பாளர் நோயுற்ற நாளில் குழந்தைகளை யார் காப்பது?